கரி பிடிக்காத நாலு பிளக்

மார்ச் 4

என்னங்க,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு டீயிலேயே காலம் தள்ளுகிறீர்களா என்று தெரியவில்லை. போன கடிதத்தில் அதைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருந்தீர்கள். மலையைக் குடைந்து பாதை போடத் தெரிந்தவர்களுக்கு அந்த மலைக்குள் ஒரு போன் சிக்னல் கொண்டுவரத் தெரியவில்லை பாருங்கள். டீசல் லாரி வாரம் ஒருமுறை மனசு வைத்தால்தான் என் கடிதம் உங்களுக்கு, உங்கள் கடிதம் எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திட்டக் கூடாது.

இரண்டு வாரமாக பிக்கப் ஒரே மக்கர். காலையில் ஸ்டார்ட் ஆக நாலு தடவை சாவியைத் திருக வேண்டியிருந்தது. லாண்டரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறும் மேட்டில் விக்கி விக்கிக் குலுங்கி நின்றேவிட்டது. வண்டியில் முப்பது மூட்டை சலவைத் துணி, பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத பஸ் டிரைவர். சூப்பர்வைசர் அம்மா அன்றைக்கு, "ஒம்பது மணிக்கு விரிப்பு போய்ச் சேரலைன்னா பேஷண்ட்டை வெறும் மெத்தையிலயா படுக்க வைப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் வர்ற வரைக்கும் பானட்டை ஒருத்தரும் தொடக் கூடாது" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் வர இன்னும் நாலு மாதம். அதுவரை துணி மூட்டையைத் தலையிலா சுமக்க முடியும்?

லாண்டரிக்கு எதிர் வரிசையில் புதிதாக ஒரு ஒர்க்ஷாப் வந்திருக்கிறது. அங்கே விட்டேன். பிளக் போயிருக்கிறது என்று அந்த மெக்கானிக் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார். சீட்டில் முதலில் ஒரு பழைய துணியை விரித்தார். பிறகுதான் உட்கார்ந்தார். நாலு பிளக்கும் இருபதே நிமிஷத்தில் மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, சாவியைத் துடைத்துக் கொடுத்தார். ஸ்டியரிங்கில் ஒரு கறை இல்லை. நீங்கள் பிளக் மாற்றினால் பக்கத்து வீட்டுச் சுவரில்கூட கிரீஸ் இருக்குமே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது வண்டி பூனை மாதிரி ஓடுகிறது. கவலைப்படாதீர்கள். பாப்பாவுக்கு இன்னொரு பல் விழுந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 12

என் மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். அதில் நான் சாப்பிட்டேனா என்பது நாலு வரி. பாப்பாவின் பல் ஒரு வரி. அந்த மெக்கானிக்கின் புகழ் மட்டும் ஒரு பக்கத்துக்கு நீளமாக ஓடுகிறது. அவன் சோப்புப் போட்டுக் கை கழுவினான் என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வருஷமாக நான் கை கழுவுவதைப் பற்றி நீ யாருக்காவது ஒரு வரி எழுதியிருக்கிறாயா?

இருபது நிமிஷத்தில் நாலு பிளக். நல்லது. எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதைத்தானே அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாய்? எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போதாவது தெரிந்துகொள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அந்தக் குழியைச் சுற்றி இருக்கிற மண்ணை ஊதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் இன்ஜினுக்குள் போகும். செய்தானா? ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். நாலையும் சேர்த்துப் பிடுங்கினால் எது எதுக்கு என்று மாறிப்போகும். எப்படிப் பிடுங்கினான்? புது பிளக்கின் முனையில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தகடு விட்டுப் பார்த்தானா? மரையை முதலில் கையால் ஏற்ற வேண்டும், ஸ்பானரால் ஏற்றக் கூடாது. ஹெட் அலுமினியம், மரை போனால் போனதுதான். எல்லாம் பார்த்தாயா, இல்லை அவன் சோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

இன்னொன்று. சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றக் கூடாது. ஆற முக்கால் மணி நேரமாவது வேண்டும். அவன் நல்ல தொழிலாளி என்றால் ஆற விட்டிருப்பான். அப்படியானால் அந்த முக்கால் மணி நேரம் நீ எங்கே உட்கார்ந்தாய்? என்ன பேசினீர்கள்? இருபது நிமிஷத்தை எழுதத் தெரிந்த உனக்கு அந்த முக்கால் மணி நேரத்தை எழுதத் தோன்றவில்லை.

கழற்றிய பழைய பிளக் நாலையும் எனக்கு அனுப்பு. துடைக்காதே, கழுவாதே. வண்டி எங்கே ஓடியது, எப்படி ஓடியது, யார் எப்படி மிதித்தார்கள் என்று பிளக்கின் முனையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மனுஷன் மறைப்பான். பிளக்குக்கு மறைக்கத் தெரியாது.

நான் சாப்பிடுகிறேன். பல்லைப் பத்திரமாக வைத்திரு.

நான்

மார்ச் 20

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

குழியை ஊதினார். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பால் ஊதினார். ஒயரை ஒவ்வொன்றாகத்தான் பிடுங்கினார். தகடு விட்டுப் பார்த்தார். மரையை விரலாலேயே ஏற்றினார், ஒரு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் சொருகிக்கொண்டு. இறுகும்போது குழாய் தானாக வழுக்கும், அதனால் மரை கெடாதாம். இதை நீங்கள் செய்து நான் பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முக்கால் மணி நேரம் ஒர்க்ஷாப் வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்கள் கணக்கு தப்பு, ஐம்பது நிமிஷம். "என் வீட்டுக்காரரும் மெக்கானிக்தான்" என்றேன். "ஐயோ, அப்போ என் வேலையைப் பார்த்து மார்க் போடுவாரே" என்றார். அவர் மனைவி நர்சாம், பெரிய ஆஸ்பத்திரியில்தான் வேலை, நான் கொண்டுபோகிற விரிப்பைத்தான் அவர் விரிக்கிறாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பையும் பார்சலில் அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன், நீங்கள் பிரித்துப் பார்த்துத் திருப்பித் தரலாம்.

நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆமாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். அதற்கு நான் என்ன செய்யட்டும்? கண்ணை மூடிக்கொண்டு வண்டியை விட்டுவிட்டு வர முடியாது.

பிளக் நாலும் இத்துடன் டப்பாவில் இருக்கிறது. துடைக்கவில்லை. பார்த்துவிட்டு, நான் வண்டியை நன்றாக வைத்திருக்கிறேனா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு தடவையாவது நல்லபடியாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 29

உனக்கு,

டப்பா வந்தது. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து நாலையும் வரிசையாக நிறுத்தினேன். கூட இருக்கிறவர்கள், "என்னப்பா, வீட்டுலேருந்து பிளக்கா அனுப்புறாங்க? ஊறுகாய் அனுப்ப மாட்டாங்களா?" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். முதல் பிளக்கைக் கையில் எடுக்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

நாலும் பிஸ்கட் நிறம். பீங்கானில் ஒரு பொட்டுக் கரி இல்லை. இந்த நிறம் எப்படி வரும் என்று உனக்குச் சொல்கிறேன். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில், நிற்காமல், மணிக்கணக்காக ஓடினால்தான் வரும். நீ ஓட்டுவதாகச் சொல்கிற ஓட்டம் என்ன? லாண்டரியிலிருந்து சின்ன ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, திரும்ப லாண்டரி. ஐந்து நிமிஷம் ஓடி அரை மணி நேரம் நிற்கிற வண்டி. அந்த வண்டியின் பிளக் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும், விரல் வைத்தால் ஒட்ட வேண்டும்.

இந்த வண்டி நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல மாதம். எங்கே போகிறாய்? யாரோடு போகிறாய்? பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறாய்?

வண்டி விக்கியது, அதனால் அவனிடம் கொண்டு போனேன் என்றாயே, இந்த பிளக்குகளுக்கு ஒரு நோயும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் ஓடும். நன்றாக இருக்கிற பிளக்கை மாற்ற ஒரு ஒர்க்ஷாப்புக்கு எதற்குப் போகிறாள் ஒருத்தி என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். எனக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான். சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே எரிகிறது. அவன் விரலால் மரை ஏற்றினதை நீ எழுதியிருந்த அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஐம்பது நிமிஷம் என்று என்னைத் திருத்துகிறாய். அவ்வளவு துல்லியமாகவா நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?

உன் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். நான் வரும் வரை வண்டிச் சாவி அவரிடம் இருக்கட்டும். காரணம் கேட்டால் வண்டிக்கு வேலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அவர் புரிந்துகொள்வார்.

ஏப்ரல் 7

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். சாப்பாடு போட்டேன். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "வண்டிச் சாவி எங்கம்மா இருக்கு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு, "நாலு பேரு நாலு விதமா பேசுற மாதிரி வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என் சீட்டுக்கடியில் இருந்த ஒரு பையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி ஓட்டம் இரண்டையும் வாடகை வேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசி வரை பார்ப்போம் என்றார் சூப்பர்வைசர் அம்மா. அதுவரை என்னை விரிப்பு மடிக்கும் மேஜையில் நிற்கச் சொன்னார். நிற்கிறேன். காலையில் நடந்து போகிறேன், சாயங்காலம் நடந்து வருகிறேன். எதிர் வரிசைக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். ஒரு தப்பும் செய்யாமல் ஒரு கடையைத் தாண்டத் தலை குனிய வேண்டியிருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், "எங்கப்பாவுக்கு வண்டி வேணுமாம், அதான் மாமா சாவி எடுத்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

நான் எங்கும் போகவில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

ஏப்ரல் 14

உனக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே.

இங்கே சுரங்க வாயில் தேங்குகிற தண்ணீரை இறைக்க பெட்ரோலில் ஓடும் ஒரு பம்பு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அது நின்றுவிட்டது. பிளக் போயிருந்தது. ஸ்டோரில் புதுசு இல்லை. நம்ம வண்டிக்குப் போடும் அதே அளவுதான் பம்புக்கும். சரி, நீ அனுப்பினதில் ஒன்றைப் போட்டு ஓட்டலாம் என்று எடுத்துவந்தேன். கழற்றின பிளக்கையும் இதையும் ஒரே உள்ளங்கையில் வைத்தபோதுதான் பார்த்தேன். பம்பு பிளக்கின் மரை அரை இஞ்சு நீளம். நீ அனுப்பினதன் மரை முக்கால் இஞ்சு. நாலுமே முக்கால் இஞ்சு.

இந்த பிளக் நம்ம வண்டியில் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது. போட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் முதல் சுற்றிலேயே பிஸ்டன் வந்து முட்டி நொறுக்கியிருக்கும். பதினாறு வருஷமாகத் தொழில் செய்கிறேன். நம்ம வண்டிக்கு மட்டும் எத்தனையோ தடவை இந்தக் கையால் பிளக் போட்டிருக்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவன்கூட பிளக்கை எடுத்ததும் முதலில் மரையைப் பார்ப்பான். நான் நிறத்தைப் பார்த்தேன். மூன்று நாள் நாலையும் எதிரில் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆகையால் நெடுஞ்சாலையில் ஓடியது நம்ம வண்டி இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இது யாருடைய வண்டி பிளக்? நம்ம வண்டி பிளக்கை அனுப்பு என்றால் வேறு வண்டியின் பிளக்கை ஏன் அனுப்பினாய்? துடைக்கவில்லை என்று வேறு எழுதியிருந்தாய். நம்ம வண்டி பிளக்கில் நான் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது? அவன் மாற்றிக் கொடுத்தானா, இல்லை நீயே மாற்றினாயா? இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இப்படியெல்லாம் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வண்டி எங்கும் போகவில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் பழையபடி அந்த ஒர்க்ஷாப் பெஞ்சு கண் முன்னால் வந்து நின்றுவிட்டது.

இதற்குப் பதில் வரும் வரை சாவி அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 22

என்னங்க,

சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். "நெடுஞ்சாலையில் ஓடியது நம்ம வண்டி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்" என்ற வரியைக் காட்டினேன். மீதியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அண்ணி எட்டிப் பார்த்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். அண்ணன் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். பின்னாலேயே போய், "அன்னைக்கு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணா" என்றேன். "தப்புதாம்மா" என்றார். உங்கள் அனுமதிக்கு நான் காத்திருக்கவில்லை.

சின்ன ஆஸ்பத்திரி ஓட்டம் திரும்பக் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி போனது போனதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளக்கை மாற்றியது நான். நான் மட்டும்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் மெக்கானிக் பழைய பிளக் நாலையும் பேப்பரில் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதைச் சீட்டுக்கடியில் போட்டிருந்தேன். நீங்கள் கேட்டு எழுதினதும் எடுத்துப் பிரித்தேன். அடுப்புக்கரியே தோற்றுவிடும். ஒன்றின் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. அதைப் பார்த்ததுமே உங்கள் குரல் எனக்குக் கேட்டுவிட்டது. "வண்டியை இப்படியா வச்சிருப்ப? சோக்கை இழுத்தே ஓட்டுனியா? ஆயில் பார்த்தியா? உன்கிட்ட குடுத்துட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்." ஒரு வார்த்தை தப்பில்லாமல் எனக்குச் சொல்லத் தெரியும். பதினோரு வருஷமாகக் கேட்கிறேன் இல்லையா?

நீங்கள் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுக்கிறவர். யாரிடம் சொன்னாலும் உனக்கென்ன குறை என்பார்கள். ஆனால் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததற்கு நாலு நாள் பேசாமல் இருந்தீர்கள். கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறேன் என்று ஒரு கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் நடித்துக் காட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூங்க வைக்கிற சாக்கில் அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது.

அதனால் அவற்றை ஒரு பையில் போட்டுத் திரும்பச் சீட்டுக்கடியில் ஒளித்துவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தப் பைதான். வாசலில் பழைய பிளக் போடும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. "இதுல நாலு எடுத்துக்கட்டுமா?" என்றேன். "எடுத்துக்கங்க" என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இருந்ததிலேயே சுத்தமாக, ஒரே மாதிரி இருந்த நாலாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஏதோ டாக்ஸியில் கழற்றியதாம், அப்புறம்தான் தெரிந்தது. மரையில் அளவு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கரி இல்லாமல் இருந்தால் நல்ல பிளக், நல்ல பிளக் இருந்தால் நல்ல மனைவி, அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு தடவையாவது உங்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் அதை வைத்தே என்னை ஊர் சுற்றுகிறவள் ஆக்கிவிட்டீர்கள்.

போன கடிதத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல வாய் வரவில்லை. யாரோடு போகிறாய் என்று கேட்ட ஆளிடம், "ஐயா, உங்களிடம் திட்டு வாங்காமல் இருக்கத்தான் பொய் சொன்னேன்" என்று எப்படிச் சொல்வது? நீங்கள் போட்ட பழியைவிட அது எனக்குக் கேவலமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கரி பிடித்த பிளக்குகளைக் கழற்றி மெக்கானிக் கையில் வைத்துப் பார்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். பழக்கதோஷத்தில், "நான்தான் சரியா பார்த்துக்கலை" என்று முந்திக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க? கொஞ்ச தூரம் ஓடி ஓடி நிக்கிற வண்டி, கரி பிடிக்கத்தான் செய்யும். உழைக்கிற வண்டிதானே" என்றார். அவ்வளவுதான் பேசினது. நாலே வரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவர் அழகுக்கு நீங்கள் பொறாமைப்பட்டீர்கள். விரலுக்கு, சோப்புக்கு, பெஞ்சுக்கு எல்லாம் பொறாமைப்பட்டீர்கள். அந்த நாலு வரிக்குப் பட்டிருந்தால் நியாயம். யாரோ ஒரு ஆள் முன்னால் நான் கரியைக் கரியாகவே நீட்ட முடிந்தது. தாலி கட்டின உங்களிடம் நீட்ட முடியவில்லை.

நம்ம வண்டியின் பிளக் நாலும் இத்துடன் இருக்கிறது. அரை இஞ்சுதான், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே துடைக்கவில்லை.

பாப்பா உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். அதை அடுத்த லாரிக்கு அனுப்புகிறேன். எனக்கு இப்போது இதை மட்டும் அனுப்ப வேண்டும்.

மே 1

அம்மா தாயே,

பொட்டலம் நேற்று வந்தது. மேஜையில் எல்லாரும் இருந்தார்கள். அங்கே பிரிக்கவில்லை. என் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

பொய் சொல்லாமல் எழுதுகிறேன். அந்தக் கரியைப் பார்த்ததும் நான் செய்த முதல் வேலை, பேனாவை எடுத்து உன்னைத் திட்ட ஆரம்பித்தது. உன் கடிதம் பக்கத்திலேயே பிரித்தபடி கிடக்கிறது, அப்போதுதான் படித்து முடித்திருக்கிறேன், கண்கூட இன்னும் காயவில்லை. கை தானாக எழுதுகிறது. மூன்றாம் பிளக்கில் எண்ணெய் ஏறியிருக்கிறது, வால்வு சீல் போயிருக்கும், மூன்று மாதமாவது ஆகியிருக்கும், உனக்குப் புகை தெரியவில்லையா, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினாய் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டேன். நீ உன் கடிதத்தில் எழுதிக் காட்டியிருந்தாயே என் குரல், அதில் இருந்த ஒரு வரி அப்படியே என் தாளில் இருந்தது. "உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்ல வேண்டும்." அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அப்புறம் உனக்கு நல்லவனாக இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். சுத்தமான நாலு பிளக்கைப் பொறுக்கி அனுப்புகிற வேலையை நானும் செய்ய வேண்டாம் என்று அந்த அரைப் பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக்கொள். நான் இப்படித்தான் இருக்கிறேன். இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறேன்.

உன் அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், தப்பு என்னுடையது என்று, சுற்றி வளைக்காமல். லாண்டரி சூப்பர்வைசர் அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். வண்டி ஓட்டம் நின்றது உன்னால் இல்லை, என்னால் என்று. அதனால் பெரிய ஆஸ்பத்திரி திரும்பி வராது, தெரியும்.

பத்து நாள் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். அடுத்த டீசல் லாரியில் ஏறினால் மறுநாள் வீட்டு வாசலில் இருக்கலாம். பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். ஆனால் நான் வாசலில் வந்து நின்றால் நீ முதலில் எதை ஒளித்து வைப்பாய் என்று யோசித்தேன். கண்ணாடியையா, கிளட்ச்சையா, வேறு எதையாவதா? அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் பையைப் பிரித்துவிடுகிறேன், அதற்காக யாருக்கும் கடிதம் போட மாட்டேன்.

அந்த மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வால்வு சீலை அவரிடமே மாற்றிக்கொள். நன்றாகச் செய்வார். அவர் மேல் எனக்கு இப்போதும் பொறாமைதான், முன்னைவிட அதிகம். பதினோரு வருஷம் கூட இருந்தும் நீ அப்படிப் பயமில்லாமல் நின்று ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அவர் ஒரே நாளில் பார்த்துவிட்டார்.